ஜெயந்த் நார்லிகர் ஏன் கதை எழுதினார்?

2025 மே 20 அன்று புனேயில் ஜெயந்த் விஷ்ணு நார்லிகர் காலமானார். வயது 86. பெருவெடிப்புக் கொள்கையை ஏற்காத வானியலாளர், மராத்தியில் அறிவியல் புனைகதையை வளர்த்த எழுத்தாளர், சோதிடத்தைப் புள்ளியியலால் சோதித்தவர் என்று அஞ்சலிக் குறிப்புகள் அவரைப் பலவாறாக அறிமுகப்படுத்தின. அவரை முதன்முதலாகக் கேள்விப்பட்டவர்களுக்கு இயல்பாகவே இரண்டு சந்தேகங்கள் எழுந்திருக்கும். பெருவெடிப்பு இன்று பள்ளிப் பாடமாகிவிட்ட நிலையில், அதை மறுத்தவரை எப்படிப் பெரிய விஞ்ஞானி என்கிறார்கள்? ஆய்வில் அந்த உயரத்தைத் தொட்டவர் கதை எழுத வந்தது ஏன்?

இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அவர் ஆய்விலிருந்தே தொடங்குவோம்.

காசியிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

நார்லிகர் பிறந்தது 1938 ஜூலை 19, கோலாப்பூரில். வளர்ந்தது காசியில். தந்தை விஷ்ணு வாசுதேவ் நார்லிகர் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவர். பொதுச் சார்பியலில் ஆய்வு செய்தவர். தாய் சுமதி சமஸ்கிருத அறிஞர். எம்.எஸ்ஸி. கணிதம் படிக்க வந்து அந்த வீட்டில் தங்கிய தாய்மாமன், சுவரில் இருந்த கரும்பலகையில் ‘ஜே.வி.என்.னுக்குச் சவால்’ என்று தலைப்பிட்டு ஒரு கணக்கை எழுதிவைப்பார். சிறுவன் விடை கண்டுபிடிக்கும் வரையோ, தோல்வியை ஒப்புக்கொள்ளும் வரையோ அந்தக் கணக்கு அழிக்கப்படாது. விடை தெரியாத கேள்வியை நாள் கணக்கில் மனதில் சுமந்து திரியும் பழக்கம் அங்கேயே வந்துவிட்டது.

1957-இல் காசியில் பட்டம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1959-இல் அங்குள்ள கணிதத் தேர்வில் முதலிடம். பிறகு வானியற்பியலாளர் ஃப்ரெட் ஹாயிலிடம் முனைவர் பட்ட மாணவரானார். அவருடைய பிற்கால வாழ்க்கையின் இரண்டு கிளைகளும் இந்த ஆசிரியரிடமிருந்தே பிரிகின்றன.

ஹாயில் சிந்தித்த விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். விண்மீன்களுக்குள் மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்து கார்பன் உருவாக வேண்டும். ஆனால் அன்று தெரிந்திருந்த அளவுகளின்படி அந்த வினை மிக மெதுவானது. உலகில் இத்தனை கார்பன் இருக்கவே முடியாது. கார்பன்தான் கண்முன்னே இருக்கிறதே, அப்படியானால் அதன் அணுக்கருவில் இதுவரை யாரும் காணாத ஓர் ஆற்றல் மட்டம் இருந்தாக வேண்டும் என்று 1953-இல் ஹாயில் கணித்தார். கலிஃபோர்னியாவில் தேடிப் பார்த்தார்கள். 7.65 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் அருகே அது இருந்தது.

இதே ஹாயில் 1957-இல் ஒரு நாவலும் வெளியிட்டிருந்தார். சூரியக் குடும்பத்துக்குள் நுழையும் ஒரு கரிய மேகம் அறிவுள்ள உயிராக இருந்தால் என்ன ஆகும் என்பது அதன் கரு. ஆய்வாளர் கதை எழுதினால் மதிப்புக் குறையும் என்ற கூச்சம் அந்த ஆய்வுக்கூடத்தில் கிடையாது.

சண்டை எதைப் பற்றியது?

தொடர்ந்து படிக்கச் சில கருத்துகள் தெளிவாக வேண்டும்.

1. பேரண்டம் விரிகிறது. விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. இதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

2. பெருவெடிப்புக் கொள்கை: விரிவைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் மிக அடர்ந்த, மிகச் சூடான ஒரு நிலைக்குப் போகும். பேரண்டத்துக்குத் தொடக்கமும் உண்டு, வயதும் உண்டு.

3. மாறாநிலைக் கோட்பாடு: 1948-இல் பாண்டி, கோல்ட், ஹாயில் மூவரும் முன்வைத்தது. பேரண்டம் விரிந்தாலும் அதன் அடர்த்தி குறைவதில்லை. இடைவெளியில் புதுப் பொருள் பிறந்துகொண்டே இருக்கிறது. ஆகவே தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. தேவைப்படும் புதுப் பொருள் மிகச் சொற்பம்: ஒரு கன மீட்டர் இடத்தில் நூறு கோடி ஆண்டுகளுக்கு ஒரு ஹைட்ரஜன் அணு என்ற அளவில்.

4. ஆக்கப் புலம்: அந்தப் புதுப் பொருள் எங்கிருந்து வருகிறது? ஆற்றல் அழிவின்மை விதி உடையாதா? எதிர்மறை ஆற்றல் கொண்ட ஒரு புலத்தை வைத்து இதற்குக் கணித வடிவம் கொடுத்தவர்கள் ஹாயிலும் நார்லிகரும்.

மூன்றாவது கருத்தைக் கேட்டதும் பலருக்குச் சிரிப்பு வரும். ‘ஒன்றுமில்லாததிலிருந்து அணு பிறக்குமா’ என்பார்கள். ஒரே கணத்தில் எல்லாப் பொருளும் தோன்றியது என்பதை ஏற்றுக்கொண்டு, நூறு கோடி ஆண்டுக்கு ஓர் அணு தோன்றுவதை மட்டும் மறுப்பது சரியான வாதம் அல்ல. தீர்ப்புச் சொல்ல வேண்டியது வான்நோக்குத் தரவு. அது சொல்லியும்விட்டது.

1961 முதல் 1965 வரை

1961 பிப்ரவரியில் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். ரேடியோ வானியலாளர் மார்ட்டின் ரைல், தாம் கணக்கெடுத்த ரேடியோ மூலங்களின், அதாவது ரேடியோ அலை வீசும் வான்பொருள்களின், எண்ணிக்கையைக் காட்டினார். தொலைவில், அதாவது கடந்த காலத்தில், மங்கலான மூலங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. பேரண்டம் முன்பு வேறு மாதிரி இருந்தது என்றுதானே இதற்குப் பொருள்? ஹாயிலால் அன்று வர இயலவில்லை. பதில் சொல்லும் பொறுப்பு 22 வயது ஆய்வு மாணவர் நார்லிகர்மேல் விழுந்தது. பேரண்டத்தில் பொருள் சமமாகப் பரவாமல் பெருங்கொத்துகளாகத் திரண்டிருந்தால், மாறாநிலைக் கோட்பாட்டிலும் இப்படிப்பட்ட எண்ணிக்கை வரக்கூடும் என்று கணக்கோடு வாதிட்டார். விண்மீன் மண்டலங்களின் பெருங்கொத்துகள் உண்மையிலேயே இருப்பது பின்னாளில் உறுதியானது. ஆனால் ரேடியோ எண்ணிக்கையைப் பொறுத்தவரை காலம் ரைல் பக்கமே நின்றது.

1964-இல் வந்தது ஹாயில்–நார்லிகர் ஈர்ப்புக் கோட்பாடு. ஒரு பொருளைத் தள்ளும்போது அது காட்டும் எதிர்ப்பு, அதாவது நிலைமம், அந்தப் பொருளின் சொந்தக் குணமா, அல்லது பேரண்டத்தில் உள்ள மற்ற எல்லாப் பொருள்களும் சேர்ந்து அதற்குத் தருவதா? இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் எழுப்பிய இந்தக் கேள்விக்கு, இரண்டாவது விடையை எடுத்துக்கொண்டு முழுமையான கணிதம் அமைத்தார்கள். இந்தியப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின; 1965-இல், 26 வயதில், பத்ம பூஷண் வந்தது.

கேம்பிரிட்ஜிலேயே இதற்கு ஒரு கடுமையான விமர்சகரும் கிளம்பினார். விரிந்துகொண்டே போகும் பேரண்டத்தில் இந்தக் கோட்பாட்டின் ஒரு கூட்டுத்தொகை முடிவிலிக்குப் போய்விடும் என்று காட்டினார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் அத்தியாயமே ஹாயில்–நார்லிகர் கோட்பாட்டைப் பற்றியதுதான். அவர் பெயர் ஸ்டீஃபன் ஹாக்கிங்.

பெரிய அடி 1965-இல் விழுந்தது. பென்சியாஸும் வில்சனும் வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்ததை வெளியிட்டார்கள். சூடாகத் தொடங்கி ஆறிய பேரண்டத்தில் இந்த எச்சம் இருந்தாக வேண்டும். மாறாநிலைக் கோட்பாட்டில் அதற்கு இயல்பான இடமில்லை. பெரும்பாலான வானியலாளர்கள் அத்துடன் பக்கம் மாறினார்கள்.

அப்படியானால் அவர் தோற்றாரா?

அந்தக் குறிப்பிட்ட கோட்பாட்டைப் பொறுத்தவரை, ஆம். இதை மழுப்பத் தேவையில்லை. 1993-இல் ஹாயில், ஜெஃப்ரி பர்பிட்ஜ் இருவருடன் சேர்ந்து ‘பகுதி மாறாநிலை’ என்ற திருத்தப்பட்ட வடிவத்தை நார்லிகர் முன்வைத்தார். சிறு சிறு ஆக்க நிகழ்வுகள், ஏறி இறங்கும் விரிவு, நுண்ணலைக் கதிர்வீச்சை உருவாக்கும் மெல்லிய இரும்பு இழைகள் என்று அதில் பலவும் இருந்தன. நுண்ணலைப் பின்னணியில் உள்ள மிக நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளைச் செயற்கைக்கோள்கள் அளந்தபோது, அவை பெருவெடிப்பு மாதிரியோடு அவ்வளவு துல்லியமாகப் பொருந்தின. மாற்று வடிவம் ஆதரவு பெறவில்லை.

ஆனால் கணக்கில் சேர்க்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உள்ளன. மாறாநிலைப் பேரண்டம் முடுக்கத்தோடு விரிய வேண்டும் என்பது அந்தக் கோட்பாட்டின் கணிப்பு. 1998 வரை எல்லோரும் விரிவின் வேகம் குறைகிறது என்றுதான் நம்பினார்கள். அந்த ஆண்டு அது கூடுகிறது என்று தெரிந்தது. பேரண்டத்தின் தொடக்க கணத்தைப் பற்றி 1981-இல் ஆலன் கூத் முன்வைத்த வீக்கக் கொள்கையிலும், ஒரு புலத்தின் எதிர்மறை அழுத்தத்தால் வெளி மடங்கு மடங்காக விரிகிறது. ஆக்கப் புலத்தில் ஹாயிலும் நார்லிகரும் போட்ட கணிதம் அதற்கு நெருங்கிய உறவு. இவற்றால் அவர்கள் சொன்னது சரியென்று ஆகிவிடாது. மாற்று வழியை ஒருவர் ஒழுங்காகக் கணக்குப் போட்டு வைத்தால், அந்த உழைப்பு வீணாவதில்லை என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

ஒரே ஓர் அனுமானத்தை மாற்று. மற்ற விதிகளை அப்படியே வை. விளைவைக் கடைசிவரை துரத்திப் போ. பேரண்டவியலில் இந்த வழிமுறைக்குத் தரவு ஒரு நாள் குறுக்கே வந்து நிற்கும். குறுக்கே யாரும் வராத இன்னொரு இடத்திலும் இதைச் செய்யலாம். அதுதான் கதை.

1974: பெயரை மறைத்த முதல் கதை

1972-இல் நார்லிகர் இந்தியா திரும்பி, பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். 1974-இல் மராத்தி விஞ்ஞான் பரிஷத் ஓர் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது. ‘கிருஷ்ண விவர்’, அதாவது கருந்துளை என்ற கதையை அனுப்பினார். தம் பெயருக்காகப் பரிசு தந்துவிடக் கூடாது என்பதற்காக, முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி நாராயண் விநாயக் ஜக்தாப் என்று கையொப்பம். கையெழுத்தும் காட்டிக்கொடுத்துவிடும் என்று, படி எடுத்து எழுதியவர் மனைவி மங்களா. அவரும் கணித அறிஞர். கதைக்கு முதல் பரிசு கிடைத்தது.

அடுத்த ஆண்டு கராட் நகரில் நடந்த மராத்தி இலக்கிய மாநாட்டில், தலைமை வகித்த எழுத்தாளர் துர்கா பாகவத் தம் உரையில் இந்தப் புதுவகை எழுத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். இது சாதாரண ஆதரவு அல்ல. அறிவியல் கதை என்றால் சிறுவர் பத்திரிகைக்கு உரியது என்று ஒதுக்கிவந்த சூழலில், இலக்கியத்தின் நடுக்கூடத்திலேயே அதற்கு ஓர் இருக்கை போடப்பட்டது. ‘கிர்லோஸ்கர்’ போன்ற பெரிய இதழ்கள் அவர் கதைகளை வெளியிட்டன. 1979-இல் முதல் தொகுப்பு ‘யக்ஷாஞ்சீ தேணகீ’ வந்தது. நாவல்கள் பின்தொடர்ந்தன.

அவர் மராத்தியில் எழுதியதைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் உலகச் சந்தை எளிதில் கிடைத்திருக்கும். கருந்துளை பற்றிக் கேள்விப்படவே வாய்ப்பில்லாத வாசகரைத் தேடித்தான் அவர் எழுதினார்.

கதைகள் இயங்கும் விதம்

அவருடைய நல்ல கதைகளில் அறிவியல் கருத்தை உருவிவிட்டால் கதையே நிற்காது. அதற்கு இரண்டு கதைகளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

*பானிபட் கதை.* 1761 ஜனவரி 14 அன்று மூன்றாம் பானிபட் போர். அஹமத் ஷா அப்தாலியின் படையை மராட்டியர் எதிர்த்தார்கள். போர் நடுவே மராட்டியப் பேரரசின் பிரதம அமைச்சரான பேஷ்வாவின் மகன் விஸ்வாஸ்ராவ் குண்டடிபட்டு விழுந்ததும் மராட்டியப் படை நிலைகுலைந்தது. நார்லிகர் மாற்றுவது இந்த ஒரு குண்டின் பாதையை மட்டும். கதையில் வரும் பழைய வரலாற்று ஏட்டில், குண்டு விஸ்வாஸ்ராவின் காதை உரசிப் போகிறது. எள்ளளவு தள்ளியிருந்தால் உயிர் போயிருக்கும். மராட்டியர் வெல்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாய், கல்கத்தா, சென்னை சுற்றுவட்டாரங்களுக்குள் சுருங்கிப்போகிறது.

இந்த இந்தியாவுக்குள் வந்து விழுகிறார் வரலாற்றுப் பேராசிரியர் கங்காதர்பந்த் கெய்தோண்டே. புனேயிலிருந்து ரயிலேறிப் பம்பாய் போகிறார். வழியில் ஒரு நிலையத்தில் பிரிட்டிஷ் எல்லை தொடங்குகிறது. தம் மகன் வேலை பார்க்கும் கம்பெனியில் விசாரித்தால், அப்படி ஒருவரே இல்லை. நூலகத்தில் தாமே எழுதிய வரலாற்றுத் தொகுதிகளைப் புரட்டுகிறார். நான்கு தொகுதிகள் அப்படியே இருக்கின்றன; ஐந்தாவதில்தான் வரலாறு திசைமாறியிருக்கிறது.

ஆஸாத் மைதானத்தில் ஒரு கூட்டம் நடக்கிறது. மேடையில் தலைவர் நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டு, வழக்கப்படி போய் அமர்ந்துவிடுகிறார். அந்த உலகத்து மக்கள் தலைமையுரைகளைக் கேட்டு அலுத்து அந்த வழக்கத்தையே ஒழித்துவிட்டவர்கள். தக்காளியும் முட்டையும் பறந்து வருகின்றன.

திரும்பி வந்தவருக்கு நண்பர் ராஜேந்திர தேஷ்பாண்டே விளக்கம் தருகிறார். எலெக்ட்ரான் ஒன்றைச் செலுத்தினால் அது எங்கே போகும் என்று குவாண்டம் இயற்பியலால் உறுதியாகச் சொல்ல முடியாது. சாத்தியங்களை மட்டுமே சொல்ல முடியும். ஒவ்வொரு சாத்தியமும் ஓர் உலகம் என்றால்? சிறு மாற்றம் பெருந்திருப்பமாகும் இடங்களை ஆராயும் பேரிடர்க் கோட்பாடும் இங்கே துணைக்கு வருகிறது. போர்க்களத்தில் ஒரு குண்டு அப்படிப்பட்ட இடம். இந்தக் கதையின் ஆங்கில வடிவம் என்.சி.இ.ஆர்.டி.யின் 11-ஆம் வகுப்புப் பாடநூலில் சேர்ந்து, நாடெங்கும் லட்சக்கணக்கான மாணவர்களிடம் போனது. நார்லிகரின் பெயரைப் பலர் முதலில் அறிந்ததே அதன் வழியாகத்தான்.

*பனியுகக் கதை.* பம்பாயில் ஒரு காலை. குழந்தைகள் அப்பாவை எழுப்பிக் காட்டுகிறார்கள்: எங்கும் வெண்பனி. ஏன் என்பதற்கான காரணச் சங்கிலி இப்படிப் போகிறது:

1. கடலின் மேலடுக்கு சூரிய வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. நிலப்பரப்பு உறையாமல் காப்பது அதுதான்.
2. எரிமலைத் துகள்கள் சூரிய ஒளியை மறைத்தால் அந்த இருப்பு குறைகிறது.
3. காற்று சுமார் மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால், அதிலுள்ள ஈரம் நேரடியாக நுண்ணிய பனிப்படிகங்களாகிறது. இதற்கு வைரத்தூள் என்று பெயர்.
4. வைரத்தூள் சூரிய ஒளியைச் சிதறடிக்கிறது. குளிர் மேலும் கூடுகிறது. மேலும் வைரத்தூள் உருவாகிறது.

இந்தச் சுழலை முன்கூட்டியே எச்சரித்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத விஞ்ஞானி வசந்த் சிட்னிஸ், கடைசியில் உலோகத் துகள்களை வளிமண்டலத்தில் தூவி வெப்பத்தை உறிஞ்சவைக்கும் திட்டத்தைத் தருகிறார். ‘இந்திரன்மீது படையெடுப்பு’ என்று அதற்குப் பெயர். வைரத்தூள் வழியாகப் பனியுகம் வரலாம் என்பது ஹாயில் 1981-இல் ஒரு நூலில் முன்வைத்த கருத்து. இன்று புவி வெப்பத்தைக் குறைக்க வளிமண்டலத்தில் துகள் தூவலாமா என்று உண்மையிலேயே விவாதிக்கிறார்கள். திசை நேர்மாறு, ஆனால் வளிமண்டலத்தில் கைவைக்கும் துணிச்சல் யாருக்கு, அதிகாரம் யாருடையது என்ற கேள்வி அதேதான்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘உஜ்வ்யா சோண்டேசா கண்பதி’ கதையில், ஒருமுறை முறுக்கி முனைகளை ஒட்டிய மோபியஸ் பட்டை போல் வெளியைத் திருகினால் வலதும் இடதும் இடம் மாறும் என்பது கரு. ‘தூமகேது’வில் பூமியை நோக்கி வரும் வால்விண்மீனை அணுகுண்டு வைத்துத் திசைதிருப்புகிறார்கள், கண்டுபிடித்தவரின் மனைவியோ, தாம் செய்வித்த சாந்தி யாகம்தான் காப்பாற்றியது என்று நம்புகிறார். ‘வாமன் பரத் ந ஆலா’ நாவலில், பழைய நாகரிகம் ஒன்று விட்டுச்சென்ற அறிவைக் கொண்டு செய்த இயந்திரம், தன்னைப் போலவே இன்னும் பல செய்யச் சொல்கிறது. மூவடி மண் கேட்டு உலகையே அளந்த வாமனன் கதை தெரிந்தவருக்கு அபாயம் உடனே விளங்கும். செயற்கை அறிவு பற்றிய இன்றைய அச்சங்களை 1980-களிலேயே தொட்ட நாவல் இது.

குறையும் உண்டு. அவருடைய மாந்தர்கள் பெரும்பாலும் கருத்தைச் சுமந்து வருபவர்கள். அவர்களுடைய கோபமும் ஆசையும் நமக்கு அதிகம் தெரிவதில்லை. கதையின் முடிச்சு அவிழும் இடத்தில் ஒருவர் மற்றவருக்கு வகுப்பெடுப்பது அடிக்கடி நிகழ்கிறது. பானிபட் கதை உயர்ந்து நிற்பதற்குக் காரணம், அங்கே குழப்பத்தில் தவிக்கும் ஒரு வயதான மனிதர் நடுவில் இருக்கிறார் என்பதே என்று எனக்குப் படுகிறது.

கதைக்கு வெளியே அதே கேள்வி

தூமகேதுவில் வரும் யாகத்தையும் குண்டையும் ஒரே தட்டில் வைத்து விட்டுவிடும் இயல்பு அவருக்கு இல்லை. 2001-இல் பல்கலைக்கழகங்களில் சோதிடப் படிப்பு தொடங்கும் முயற்சியைக் கடுமையாக எதிர்த்தார். பிறகு மூடநம்பிக்கை எதிர்ப்புச் செயற்பாட்டாளர் நரேந்திர தபோல்கர் உள்ளிட்டோருடன் சேர்ந்து ஒரு சோதனை நடத்தினார். படிப்பில் சிறந்த 100 பேர், அறிவுத்திறன் குறைபாடு உள்ள 100 பேர் என இரு தரப்பின் ஜாதகங்களும் திரட்டப்பட்டன. ஒவ்வொரு சோதிடருக்கும் 40 ஜாதகங்கள். யார் எந்தப் பிரிவு என்று பிரிக்க வேண்டும். 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரியாகச் சரியானவை 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 சதவீதம் வரும். அதிக மதிப்பெண் 40-க்கு 24. 27 பேர் குருட்டாம்போக்கில் விடை சொன்னாலும் அவர்களில் சிலர் அந்த அளவை எட்டுவார்கள். முடிவுகள் 2009-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியாயின. தபோல்கர் 2013-இல் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஹாயில் கடைசிவரை பேசிய இன்னொரு கருத்து, உயிர் விண்வெளியிலிருந்து பூமிக்கு வந்திருக்கலாம் என்பது. இதையும் நார்லிகர் சோதனைக்குக் கொண்டுவந்தார். 2001-இலும் 2005-இலும் ஐதராபாத்திலிருந்து பலூன்கள் பறந்தன. 41 கிலோமீட்டர் உயரம்வரை காற்று மாதிரிகள் சேகரிக்கப்பட்டன. இரண்டாவது முயற்சியில் மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றுக்கு ஜானிபாக்டர் ஹாயிலி என்று ஆசிரியரின் பெயரே சூட்டப்பட்டது. அவை விண்வெளியிலிருந்து வந்தவை என்று இதனால் நிரூபணம் ஆகாது. பூமியிலிருந்தே மேலே போயிருக்கலாம். குழுவினரும் அப்படி உரிமை கொண்டாடவில்லை.

புனேயில் பல்கலைக்கழகங்களுக்கான வானியல், வானியற்பியல் மையம் 1988-இல் அமைக்கப்பட்டபோது அதன் நிறுவன இயக்குநர் நார்லிகர். 2003 வரை பொறுப்பில் இருந்தார். தொலைநோக்கியோ நல்ல நூலகமோ இல்லாத கல்லூரி ஆசிரியரும் வந்து தங்கி ஆய்வு செய்யலாம் என்பதே அதன் அடிப்படை எண்ணம். தம்மோடு ஒத்துப்போகும் பேரண்டவியலாளர்களை மட்டும் அவர் அங்கே சேர்க்கவில்லை. பெருவெடிப்பை ஏற்றவர்கள் அங்கே தடையின்றி வேலை செய்தார்கள். ஆட்டோகிராஃப் கேட்டு வரும் பிள்ளைகளிடம், அஞ்சலட்டையில் ஒரு கேள்வி எழுதி அனுப்பச் சொல்வார். பதிலோடு கையொப்பமும் போகும்.

இலக்கியத்தில் அவர் இடம்

காசி, கேம்பிரிட்ஜ், மும்பை, புனே ஆகிய நான்கு நகரங்களில் தாம் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்லும் மராத்தி தன்வரலாற்றுக்காக, 2014-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021 டிசம்பரில் நாசிக்கில் நடந்த 94-ஆவது அகில பாரத மராத்தி இலக்கிய மாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உடல்நிலை காரணமாக நேரில் வர இயலவில்லை. கவிஞர்களும் நாவலாசிரியர்களும் விமர்சகர்களும் வகித்துவந்த பதவி அது. கராட் மாநாட்டில் பாராட்டாக வந்த அங்கீகாரம் தலைமைப் பதவியாக மாற 46 ஆண்டுகள் ஆயின.

புதிதாகப் படிக்க விரும்புகிறவர்கள் பானிபட் கதையில் தொடங்கலாம். அடுத்துப் பனியுகக் கதை, பிறகு வாமனன் நாவல். அவற்றின் அறிவியல் பின்னணி தேடுவோருக்கு, பேரண்டவியல் குறித்து அவர் பொது வாசகருக்கென்றே எழுதிய ஆங்கில நூல்களும் இருக்கின்றன.